இடது கன்னம்

ஸ்டோன் ஹார்பர், மிச்சிகன்
ஜனவரி 6, 2004

ஈலா,

நீ தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். நான் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பேசினால் கத்துவேன். கத்தினால் சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன்.

முதல் விஷயம். ஏரிக்கரை வீடுகளை வாடகைக்கு விட நீ செய்துகொடுத்தாயே, அந்த இணையப் பக்கத்தை எடுத்துவிடு. ஒஹாயோவிலிருந்து ஒருவர் ஜூன் மாதத்துக்கு இடம் கேட்டு எழுதியிருக்கிறார். படத்தில் சிரிக்கும் உரிமையாளரே மீன்பிடிக்கக் கூட்டிப்போவாரா என்று கேட்கிறார்.

இரண்டாவது விஷயம். போன செவ்வாய்க்கிழமை ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அக்டோபரில் உன் அண்ணன் ஆர்வி காணாமல் போனபோது அவர் வண்டி இங்கே ஏரிக்கரையில் நின்றது. நவம்பரில் மான் வேட்டைக்காரர்கள் அவர் உடலைக் கண்டது மேற்கே அறுபது மைல் தள்ளி, பைன் காட்டில். எப்படி அங்கே போனார் என்று இத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆர்வி உயிரோடு இருந்தார். மரம் ஏற்றிப்போகும் லாரி ஒன்று அவரை வழியில் ஏற்றிக்கொண்டு, ஒரு நாற்சந்தி உணவகத்தில் இறக்கிவிட்டிருக்கிறது. இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தார். சூப் குடித்தார். அந்த நேரத்தில் நாங்கள் இங்கே படகில் நின்று, அவரைத் தேடி இறங்கிய முக்குளிப்பவர்கள் எப்போது மேலே வருவார்கள் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த உணவகத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் நீ தயாரித்த 'காணவில்லை' அறிவிப்பு ஒட்டியிருந்தது. பரிமாறிய பெண் அதைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். வேறு ஆள் என்று முடிவு செய்துவிட்டாள். எதிரே இருந்தவருக்கு இடது கன்னம் முழுக்கத் தீத்தழும்பு. நீ போட்ட படத்தில் இருந்தவருக்குக் கன்னம் வழுவழு என்று இருந்தது.

அதை நீ என்ன செய்தாய், ஈலா?

மார்லிஸ்

---

மினியாப்பொலிஸ்
ஜனவரி 13, 2004

மார்லிஸ்,

கடிதம் கிடைத்த அன்றே பக்கத்தை எடுத்துவிட்டேன். உங்கள் கேள்விக்குப் பதில் எழுத நான்கு தாள்களை வீணாக்கினேன். இது ஐந்தாவது.

ஜூலையில் அங்கே வந்திருந்தபோது படகுத்துறையில் அண்ணனை நிறுத்தி நான் எடுத்த படம் அது. கேமராவைக் கண்டாலே அவன் வலது பக்கத்தைத் திருப்பிக்கொள்வான், உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணப் படத்திலும் அப்படித்தான் நிற்பான். அன்றைக்கு மட்டும் நேராகப் பார்த்து நின்றான். "நீதானே எடுக்கறே, எடு" என்றான்.

என் வேலை என்னவென்று உங்களிடம் நான் சரியாகச் சொன்னதில்லை. கடைகளின் இணையப் பக்கங்களுக்குப் படங்களைத் தயார் செய்கிறேன். சோபாவில் சுருக்கம் இருந்தால் எடுப்பேன். ரொட்டி வெளுத்திருந்தால் பொன்னிறம் ஏற்றுவேன். பல் மருத்துவரின் நோயாளிக்கு ஒரு பல்லையே வைத்திருக்கிறேன். ஃபோட்டோஷாப்பில் ஒரு கருவி இருக்கிறது. நன்றாக இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, சரியில்லாத இடத்தில் ஓரம் தெரியாமல் வைக்கும். நான் அண்ணனின் வலது கன்னத்திலிருந்து எடுத்து இடது கன்னத்தில் வைத்தேன். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, தாடை எலும்பு எங்கே திரும்புகிறது என்றெல்லாம் பார்த்துப் பார்த்து முக்கால் மணி நேரம் செய்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

பக்கத்தை நூலகத்தில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "நல்லாத்தான் இருக்கு. யாரு அந்த ஆளு?" என்றான். நான் சிரித்தேன். பழைய மாதிரியே மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "விடு, உனக்குப் பிடிச்சிருந்தா இருக்கட்டும்" என்றான்.

அக்டோபரில் அந்த வெள்ளிக்கிழமை மதியம் நீங்கள் அழைத்தீர்கள். முந்தின நாள் பம்புக்கு உதிரிபாகம் வாங்கப் போனவன் திரும்பவில்லை என்றீர்கள். கோடையிலிருந்தே அவனுக்கு மறதி வர ஆரம்பித்திருந்ததால் உடனே கணினி முன் உட்கார்ந்தேன். ஓட்டுநர் உரிமத்தில் இருந்த படம் தபால்தலை அளவு, பாதி முகம் நிழல். ஷெரிஃப் அலுவலகம் தெளிவான படம் கேட்டது. என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். ஒரு மணி நேரத்தில் அறிவிப்பை முடித்தேன். தொலைபேசி வழி வரும் மெதுவான இணையத்திலும் சட்டென்று திறக்க வேண்டும் என்று படக்கோப்பின் அளவைக் குறைத்தேன். ஜாக்கெட்டின் பச்சை கொஞ்சம் நீலமாகத் தெரிந்தது, அதைத் திருத்தினேன். நிறம் மாறினால் யாராவது ஏமாந்துபோவார்களே என்று. கீழே 'இடது கன்னத்தில் பழைய தீத்தழும்பு' என்று ஒரு வரி எழுதினேன். மார்லிஸ், அந்த வரியை நான்தான் எழுதினேன். எழுதிவிட்டு மேலே இருந்த கன்னத்தைப் பார்க்கவில்லை. அது என் கணக்கில் முடித்து வைத்த வேலை.

ஈலா

---

ஸ்டோன் ஹார்பர்
ஜனவரி 30, 2004

ஈலா,

சனிக்கிழமை அந்த உணவகத்துக்குப் போனேன். பனி கொட்டியது, போக மூன்று மணி நேரம் ஆனது. அந்தப் பெண்ணின் பெயர் ராபர்ட்டா. என்னைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள். நான் யாரென்று சொன்னதும் கையில் இருந்த காப்பிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஜன்னலோர மேசையைக் காட்டினாள். அங்கேதான் உட்கார்ந்திருந்தாராம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். பெயர் கேட்டதற்கு, "வீட்டுக்காரி இப்ப வந்துடுவா, அவகிட்ட கேளுங்க" என்றாராம். அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்ததுமே அந்த அறிவிப்புதான் எனக்கு ஞாபகம் வந்துச்சும்மா. போய் நின்னு பாத்தேன். ஜாக்கெட் அதே பச்சை. மூக்கு, காது எல்லாம் அவருதான். ஆனா இந்தக் கன்னம்? இவ்வளவு பெரிய தழும்பைப் படத்துல யாரு விட்டுடுவாங்க? அண்ணன் தம்பியா இருக்கும்போலன்னு நெனச்சுட்டேன்."

கீழே எழுதியிருந்ததைப் படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்டிருக்கல. காணாமப் போனவங்கள மூஞ்சிய வெச்சுத்தானே தேடுவோம், எழுத்தையா படிப்போம்?"

ஏரி எந்தப் பக்கம் என்று கேட்டாராம். அவள் வாசலுக்கு வந்து கிழக்கே கைகாட்டினாளாம். அவர் நன்றி சொல்லிவிட்டு எதிர்த்திசையில் நடந்தாராம். அவள் கூப்பிட்டுத் திருப்பிவிட நினைத்திருக்கிறாள். அதற்குள் பேருந்து நிறைய ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். உடல் கிடைத்தது அந்த இடத்திலிருந்து மூன்று மைலில்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

பனியில் உறைந்த தரை இளகியதும் மே மாதத்தில் கல்லறைக் கல் நடுவார்கள். கல்லில் ஒரு படம் பதிக்கலாம் என்கிறார்கள். வீட்டில் இருக்கும் எல்லாப் படத்திலும் அவர் பக்கவாட்டில் நிற்கிறார். நீ எடுத்த படத்தைத் திருத்தாமல் அப்படியே அனுப்பு. உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் முகம் அவருக்கு வேண்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். பதிமூன்று வயதில் சானா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பைத் தானே அவசரப்பட்டுத் திறந்ததில் கன்னம் வெந்தது என்று சொல்வார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எதற்காக அதை அழித்தாய்?

மார்லிஸ்

---

மினியாப்பொலிஸ்
பிப்ரவரி 6, 2004

மார்லிஸ்,

அசல் படம் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான். அசல் படத்தைத் தொடாதே, அதன்மேல் ஒரு லேயர் போட்டு அதில் வேலை செய், தப்பாகப் போனால் மேலே உள்ளதை எடுத்துவிட்டால் அடியில் அசல் பத்திரமாக இருக்கும் என்பேன். அண்ணன் படத்தில் நான் லேயர் போடவில்லை. அசலின் மேலேயே செய்தேன். அதே பெயரில் சேமித்தேன். கேமராவின் நினைவக அட்டையை மறுநாளே ஒரு செருப்புக் கடை வேலைக்காகக் காலி செய்தேன். ஒரு வாரமாக அந்த அட்டையையும் பழைய குறுந்தகடுகளையும் தோண்டிக்கொண்டிருக்கிறேன். கணினி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தும் பார்த்தேன். செருப்புகள்தான் கிடைத்தன.

தவறுதலாக அழிந்தது என்று எழுதலாம். அது பொய். அந்தத் தழும்பு எங்கேயும், ஒரு கணினிக்குள்கூட, இருக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

அடுப்பை அவன் திறக்கவில்லை. சானா அறையில் விறகு பிடிக்கவே இல்லை. எனக்கு எட்டு வயது. அப்பா வருவதற்குள் அறையைச் சூடாக்கிவிடப் போகிறேன் என்று விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். அடுப்புக்குள் ஊற்றினேன். அண்ணன் வாசலில் இருந்து பார்த்துவிட்டு ஓடிவந்து என்னைத் தள்ளினான். நான் நின்ற இடத்தில் அவன் நின்றான்.

அம்மா வருவதற்கு முன் அவன் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "நீ உள்ளயே வரல, சரியா?" அவனுக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. இருந்தும் சொன்னான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அப்பா அவனைத் திட்டினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டு வருஷம் அவன் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஜூலையில் அவன் நேராகப் பார்த்து நின்ற படத்தில் அந்தத் தழும்பு என் திரை முழுக்க வந்து நின்றது. முக்கால் மணி நேரத்தில் போய்விட்டது. எழுந்து போய்க் காப்பி குடித்தேன். என் வாழ்க்கையில் அந்தக் காப்பி போல எதுவும் ருசித்ததில்லை.

ஈலா

---

ஸ்டோன் ஹார்பர்
பிப்ரவரி 17, 2004

ஈலா,

இருபத்திரண்டு வருஷம் அவரோடு படுத்து எழுந்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் அந்தத் தழும்பைத் தொட்டு எப்படி ஆனது என்று கேட்டேன். நிதானமாக, சிரித்துக்கொண்டே, பொய் சொன்னார். உனக்காக என்னிடமும் பொய் சொன்னார்.

எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

அவர் முகம் போனது உன்னால். அவர் முகத்தின் படம் போனதும் உன்னால். கிடைக்க இருந்த ஆள் கிடைக்காமல் போனதும் உன்னால். இப்போது அவரைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததும் போய்விட்டது. இனி எடுக்க இங்கே ஒன்றும் இல்லை.

மார்லிஸ்

---

மினியாப்பொலிஸ்
மார்ச் 21, 2004

மார்லிஸ்,

நீங்கள் இதைப் பிரிக்காமலே குப்பையில் போடலாம். அப்படியும் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு உதவி வேண்டும். கேட்க எனக்கு வாய் இல்லைதான்.

தழும்பைத் திரும்ப வரைந்து வைக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக வேறு எந்த வேலையும் செய்யவில்லை. அலுவலகத்தில் முதலில் பொறுத்தார்கள், பிறகு விடுப்பில் போகச் சொன்னார்கள். நானே விலகிக்கொண்டேன். இனி யாருடைய சோபாவையும் என்னால் சரிசெய்ய முடியாது.

மருத்துவப் புத்தகங்களில் இருந்து தீத்தழும்புப் படங்களை எடுத்து அண்ணன் கன்னத்தில் பொருத்திப் பார்த்தேன். யாரோ ஒரு அந்நியனின் தோல் என்று பார்த்ததும் தெரிகிறது. பிறகு கையாலேயே வரைந்தேன். நிறம் ஏற்றினால் அழுக்கு ஒட்டின மாதிரி இருக்கிறது. மேடு காட்டினால் மெழுகு மாதிரி இருக்கிறது. எடுப்பதற்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வைக்க வரவில்லை.

கருவியின் குறை என்று சொல்லிப் பார்த்தேன். அப்படி இல்லை. எனக்கு அது எப்படி இருந்தது என்று தெரியவில்லை. காதுமடலைத் தொட்டதா, கொஞ்சம் கீழேயே நின்றதா? உதட்டோரத்தில் இழுத்துக்கொண்டு இருந்ததே, அது மேல் உதடா, இரண்டுமா? எட்டு வயதிலிருந்து நான் அவனிடம் பேசும்போதெல்லாம் வலது கண்ணைப் பார்த்தே பேசியிருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. அந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்லை. ஜூலையில் திரையில் ஒருமுறை பார்த்தேன். அப்போதும் எங்கிருந்து அழிக்க ஆரம்பிக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

நீங்கள் தினமும் பார்த்தவர். கை வைத்துப் பார்த்தவர். எங்கே தொடங்கும், எங்கே முடியும், எந்த இடம் வெளுப்பு, எந்த இடம் சிவப்பு, குளிரில் எப்படி மாறும் என்று எழுதி அனுப்புங்கள். வார்த்தையில் வராவிட்டால் பென்சிலால் ஒரு கோடு இழுத்து அனுப்புங்கள். மே மாதத்துக்குள் முடித்துத் தருகிறேன். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே வேண்டாம்.

ஈலா

---

ஸ்டோன் ஹார்பர்
ஏப்ரல் 18, 2004

ஈலா,

உன் கடிதத்தைப் பிரித்தேன். பிரித்து இருபது நாளாகிறது.

முதல் நாளே பென்சிலை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். உனக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுக்கிற நினைப்பு எனக்கு. முட்டை வடிவத்தில் ஒரு முகம் போட்டு, காது வைத்தேன். பிறகு கோட்டை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. காதுக்குக் கீழே தொடங்கினேன். தப்பு என்று தோன்றியது, அழித்தேன். கண்ணுக்குக் கீழே தொடங்கினேன். தாள் கிழிகிற வரைக்கும் அழித்தேன்.

இப்போது நான் சொல்வதை நீ முன்பே எனக்கு எழுதியிருக்கலாம். ஒரு கடிதத்தில்கூட நீ எழுதவில்லை. எழுதுவாய், அப்போது உன்னைக் கிழித்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அறிவிப்பை வெளியிடுவதற்கு முன்னால் நீ எனக்கு அனுப்பினாய். நூலகத்தில் கணினி முன் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு பார்த்தேன். "மார்லிஸ், படம் சரியா இருக்கான்னு ஒரு தடவை நல்லாப் பாத்துடுங்க" என்றாய். நான் பார்த்தேன். "இவருதான். ஆர்வியேதான். போடு" என்றேன். பக்கத்தில் நின்ற ஷெரிஃப் ஆள், அவர் இப்போதும் இப்படித்தான் இருப்பாரா என்று கேட்டார். அச்சு அசல் இப்படித்தான் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு ஒன்பது நாள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பெட்ரோல் நிலையத்தில், தேவாலயத்தில், படகுத்துறையில் பார்த்தவர்களிடமெல்லாம் நீட்டினேன். ஒவ்வொரு முறை நீட்டும்போதும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதோ குறைகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாசம் இருந்தால் குறை கண்ணுக்குத் தெரியாது என்று பாதிரியார் எனக்கு ஆறுதல் சொல்கிறார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ராபர்ட்டா அவரை இரண்டு மணி நேரம்தான் பார்த்தாள். முதல் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. அதைச் செய்ய நான் யார் என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரியவில்லை.

கல்லில் படம் வேண்டாம், பெயரும் தேதியும் போதும் என்று சொல்லிவிட்டேன். வீடுகளை விற்கப்போகிறேன். என் அக்கா கிரீன் பே நகரத்தில் இருக்கிறாள், அங்கே போகிறேன். நீ வரைவதை நிறுத்து. வேறு வேலை ஏதாவது தேடிக்கொள். எனக்கு இனி எழுத வேண்டாம். உன் கையெழுத்தைப் பார்த்தால் அன்றைய பொழுது எனக்கு ஓடுவதில்லை.

நேற்று கடைசியாக ஒருமுறை முயற்சி செய்தேன். பென்சிலை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அவர் கன்னத்தில் கை வைக்கிற மாதிரி என் கையைத் தூக்கிப் பிடித்தேன். அவர் வந்தார், ஈலா. படகுத்துறையில் நின்று நேராக என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கை வைத்தேன். கன்னம் வழுவழு என்று இருக்கிறது.

மார்லிஸ்